பூட்ஸ் சுத்தம்

அத்தியாயம் பதினான்கு

வந்திருந்தோர்: தலைவர் டுவேன் குசெரா. உறுப்பினர்கள் வெர்னா ஸ்டாரெக், கேலன் ரிஸ்ட், ஜெனெல் ஓட், மார்வின் டீட்ஸ், ரோண்டா ஸ்லாமா. கண்காணிப்பாளர் கியோ. முறையீடு செய்த மாணவி டெஸா ஸ்லாமா. பொதுமக்கள் நான்கு பேர். வெர்னா ஸ்டாரெக்கின் நாய். குறிப்பெடுப்பவர் லொரெய்ன் ஃபைஃபர்.

பள்ளி வாரியத்தின் குறிப்பேட்டில் நாயை யாராவது எழுதுவார்களா? லொரெய்ன் எழுதுவாள். இருபத்திரண்டு வருஷமாக அந்த உயர்நிலைப் பள்ளியின் அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள். அறையில் எது இருந்ததோ அது தாளிலும் இருக்க வேண்டும். அதற்கு மேல் அவளுக்குக் கொள்கை எதுவும் கிடையாது.

லொரெய்ன் ரோண்டாவின் அக்கா. அக்காவும் தங்கையும் பேசி மூன்று வாரம் ஆகியிருந்தது.

அந்த வியாழக்கிழமை காலை ஏழரைக்கு ரோண்டா முட்டை ஆலையிலிருந்து வீடு திரும்பினாள். இரவு முழுக்க விளக்கு மேசை. கீழே வெளிச்சம், மேலே உருண்டு போகும் முட்டைகள். கீறல் விழுந்ததையும் ரத்தப் பொட்டு உள்ளதையும் பொறுக்கி எறிய வேண்டும். எட்டு வருஷமாக அதே வேலை. கண்ணை மூடினாலும் முட்டை உருண்டது.

டெஸா அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றபடியே பாலும் சோளப்பொரியும் தின்றுகொண்டிருந்தாள். பதினேழு வயது. உட்கார்ந்து சாப்பிட்டு நான்கு மாதம் இருக்கும். கதவுச் சட்டத்து ஆணியில் அவளுடைய நீல அங்கி தொங்கியது, உறை பிரிக்காமல். சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு உடற்பயிற்சிக் கூடத்தில் பதினோரு பேர் அந்த அங்கியோடு நடந்துபோய்ச் சான்றிதழ் வாங்குவார்கள். பதினோரு பேரா, பத்துப் பேரா என்பதுதான் இன்று மாலை முடிவாக வேண்டியது.

விதி இதுதான். ஒரு பருவத்தில் பத்து நாளுக்கு மேல் ஒரு பாடவேளைக்கு வராமல் இருந்தால் அந்தப் பாடம் போச்சு. டெஸா முதல் பாடவேளைக்குப் பதின்மூன்று நாள் வரவில்லை. முதல் பாடவேளை ஆங்கிலம். ஆங்கிலம் தேறாமல் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாமல் ஆகஸ்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உதவியாளர் படிப்பும் இல்லை. அந்தப் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது, கடிதம் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது.

விதி இருக்கிற ஊரில் விலக்கும் இருக்கும். பிப்ரவரியும் மார்ச்சும் இங்கே கன்று ஈனும் காலம். பனிக் காற்றில் மாடுகள் ஈனும்போது வீட்டுப் பிள்ளைகள் கொட்டகையில் நிற்பார்கள். மறுநாள் தாமதமாக வரும்போது ஒரு சீட்டு. அதில் 'கன்று' என்று ஒரு வார்த்தை, கீழே வீட்டுப் பெரியவரின் கையெழுத்து. அந்த நாளை யாரும் எண்ண மாட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் எழுப்பிய நாளிலிருந்து அப்படித்தான்.

டெஸாவும் சீட்டு கொடுத்தாள். பதின்மூன்று சீட்டு. ரோண்டா கையெழுத்துப் போட்டாள். கண்காணிப்பாளர் கியோ விதிப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தார். 'குடும்பத்தின் சொந்த மாடுகளுக்கு' என்று இருந்தது. ஸ்லாமா வீட்டில் சொந்தமாக இருப்பது ஒரு பூனை.

டெஸா காவல் காத்தது டுவேன் குசெராவின் தலையீற்றுக் கிடேரிகளை. இருநூறு கிடேரி. நள்ளிரவிலிருந்து காலை வரை கூலிக்கு. குசெராவின் மகன் ட்ரெண்டும் அதே வகுப்பு. அவனும் பதினோரு சீட்டு கொடுத்தான். அவனுடையவை எண்ணப்படவில்லை, ஏனென்றால் மாடு அவன் அப்பாவுடையது.

டெஸாவின் பெயருக்கு எதிரே பதின்மூன்று முறை 'வரவில்லை' என்று கணினியில் ஏற்றியது லொரெய்ன். சொந்தப் பெரியம்மா. அது தெரிந்த அன்றைக்குத்தான் ரோண்டா தொலைபேசியைப் பேச்சின் நடுவே வைத்தாள்.

"நைட்டு எப்படி?" என்று டெஸா கேட்டாள்.

"முட்டை வந்துச்சு. போச்சு."

"சாயங்காலம் அங்க வந்து கத்தப் போறியா?"

"தெரியல."

"கத்துறதுன்னா கத்து. ஆனா ட்ரெண்டை இழுக்காதம்மா. அவன் கெட்டவன் இல்ல, தூங்குமூஞ்சி. அவன் முதுகுல ஏறி நின்னு எனக்கு எதுவும் வேணாம்."

ரோண்டா பூட்ஸைக் கழற்றினாள். ட்ரெண்ட் அந்த இரவுகளில் எங்கே இருந்தான் என்று கேட்டாள். டெஸா கிண்ணத்தில் கரண்டியைச் சுழற்றினாள். அதுவே பதில். பிறகு வேறு மாதிரிக் கேட்டாள்: கன்றை இழுத்துப் போட்டது யார் என்று குசெராவுக்கு எப்படித் தெரியும்?

"புத்தகத்துல எழுதணும். கன்னு விழுந்த உடனே, கை கழுவுறதுக்கு முன்னாடி. மாட்டு நம்பர், நேரம், இழுத்தது யாரு. காலையில அவர் வந்து எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்குவாரு." டெஸா கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். "கோயிலுக்கே அதோடதான் வர்றாரு. அட்டைச் சிவப்பு வெளிய தெரியும், பாத்ததில்லயா?"

பார்த்திருந்தாள். வாரியக் கூட்டங்களில் ஆறு மாதமாக அந்தச் சிவப்புக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தாள்.

"அவன் பேரைச் சொல்ல மாட்டேன். போதுமா?" என்றாள் ரோண்டா.

தூக்கம் வரவில்லை. மதியம் மளிகைக் கடைக்குப் போனாள். வீட்டுக் கார் கொட்டகையில் சனிக்கிழமை டெஸாவுக்காக விருந்து, எழுபது பேருக்குக் கேக் சொல்லியிருந்தாள். கேக் போடுகிற பெண்ணுக்கு ஊர்ச் சேதி முழுவதும் தெரியும். பிழியும் பையைக் கையில் வைத்துக்கொண்டு, பெயரை இப்போதே எழுதவா, இல்லை வெள்ளிக்கிழமை வரை பார்க்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"எழுது," என்றாள் ரோண்டா. "பெருசா எழுது."

அங்கிருந்து பள்ளிக்கூடம். நடைபாதைச் சுவர் முழுக்க வருஷ வாரியாக வகுப்புப் படங்கள். அவளுடைய வருஷத்தில் பதினான்கு முகம், பதின்மூன்று சான்றிதழ். படம் எடுத்தது அக்டோபரில், அவள் பள்ளியை விட்டுப் போனது பிப்ரவரியில். யாரும் விரட்டவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்தாள், போகத் தோன்றவில்லை, போகவில்லை. முகத்தை வெட்டி எடுத்தால் படத்தில் ஓட்டை விழும் என்று அப்படியே மாட்டிவிட்டார்கள். வாரியத் தேர்தலில் இரவு வேலைக்காரர்கள் அறுபத்தொரு பேர் அவள் பெயரை வாக்குச் சீட்டில் கையால் எழுதிப் போட்டு ஜெயிக்க வைத்தபோது, குசெரா அந்தப் படத்தைத்தான் முதலில் எல்லோருக்கும் காட்டினான். மைதானத்துக்குப் புது விளக்குக் கம்பங்கள் வேண்டாம் என்று போன மாதம் அவள் கை தூக்கியபோது மறுபடி காட்டினான்.

லொரெய்ன் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தாள். மூன்று வாரத்தில் முதல் பேச்சு.

"சீட்டெல்லாம் எங்கக்கா?"

"பெட்டியில இருக்கு."

"இன்னிக்கு அதக் கொண்டு வருவியா?"

"கேட்டா கொண்டு வருவேன். கம்ப்யூட்டர்ல ஏத்தினதுதான் பதிவு. சீட்டு பதிவு இல்ல."

"பூனை வளக்கிறவ பொண்ணுன்னும் ஏத்திட்டியா?"

லொரெய்ன் தலையை நிமிர்த்தவில்லை. ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது அவளுக்கு. கணவன் போன பிறகு அந்த ஜன்னல்தான் அவளுடைய வீடு, வாசல் எல்லாம். ரோண்டாவுக்கு அது தெரியும். தெரிந்ததால் கோபம் குறையவில்லை.

மாலை ஏழு மணிக்கு நூலக அறையில் கூட்டம் தொடங்கியது. வெளியே வெயில் இன்னும் கோதுமை மேல் கிடந்தது. ஜெனெல் ஓட் கொண்டுவந்த பிளம்பழ ரொட்டி தட்டில் இருந்தது. வெர்னாவின் நாய் மேசைக்கு அடியில் படுத்தது.

ரோண்டா தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து மகளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். நாற்காலிக் கால் தரையில் இழுபட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"ரோண்டா, இதுல நீ ஓட்டுப் போட முடியாது," என்றான் குசெரா.

"தெரியும். கேள்வி கேக்கலாம்ல?"

கியோ விதியைப் படித்தார். நிதானமாக, வருத்தத்தோடுதான் படித்தார். ஒருவருக்கு வளைத்தால் எல்லோருக்கும் வளைக்க வேண்டியிருக்கும் என்றார். வேலைக்குப் போவது பாராட்டத்தக்கது, ஆனால் அது குடும்ப அவசரம் ஆகாது என்றார். பிறகு மாணவி ஏதாவது சொல்ல விரும்புகிறாளா என்று கேட்டார்.

டெஸா எழுந்தாள். "மன்னிப்புக் கேக்கணும்னு மிஸ்டர் கியோ சொன்னாரு. கேட்டா நல்லதுன்னாரு. நான் கேக்கல. அந்த நேரத்துல நான் கிளம்பி வந்திருந்தா மாடும் செத்திருக்கும், கன்னும் செத்திருக்கும். அடுத்த வருஷமும் அப்படித்தான் செய்வேன். அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டாள். கேலன் ரிஸ்ட் மெல்வதை நிறுத்தினார்.

குசெரா பெருமூச்சு விட்டான். பெண் கெட்டிக்காரிதான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை என்று சொன்னான். பிறகு ரோண்டாவைப் பார்த்து, "விதின்னா என்னன்னு இந்தப் பள்ளிக்கூடத்த முடிக்காதவங்களுக்குப் புரிய வைக்கிறது கஷ்டம்," என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"கஷ்டம்தான்," என்றாள் ரோண்டா. "அதனால விதிப் புத்தகம் வேணாம். உங்க பையில இருக்கற புத்தகத்தப் படிங்க."

குசெராவின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"மார்ச் நாலாம் தேதி," என்றாள் அவள். டெஸாவின் பதின்மூன்று தேதிகளும் அவளுக்கு மனப்பாடம்.

"இது என் சொந்தப் புத்தகம்."

"படி, டுவேன்," என்றாள் வெர்னா ஸ்டாரெக். எழுபத்தாறு வயது, நாற்பது வருஷம் தனியாக மாடு மேய்த்தவள். "உனக்கு எத்தன கன்னு தப்பிச்சுதுன்னு எங்களுக்கும் தெரியட்டும்."

இப்போது சிரித்தவர்கள் வேறு இரண்டு பேர். மறுத்தால் அசிங்கம். குசெரா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தைத் தேடினான்.

"நானூத்திப் பன்னெண்டு. காளைக்கன்னு. ஏழு அம்பது. இழுத்தது..." நிறுத்தினான். "டெ. ஸ்."

"ஆறாம் தேதி."

"நானூத்தி முப்பத்தொண்ணு. கிடேரிக்கன்னு, கால் முன்னாடி வரல, திருப்பி எடுத்தது. ஏழே முக்கால். டெ. ஸ்."

குசெராவின் பண்ணையிலிருந்து பள்ளிக்கூடம் இருபது மைல், பாதி மண் ரோடு. முதல் மணி எட்டுப் பத்துக்கு அடிக்கும். அதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவன் வேறெதையாவது படித்திருக்கலாம். பக்கம் அவன் கையில்தான் இருந்தது, யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் புத்தகத்தில் பொய் நுழைந்தால் எந்தக் கிடேரியை வைத்துக்கொள்வது, எதை விற்பது என்பது குழம்பிப்போகும். அப்பா காலத்திலிருந்து அவன் வீட்டில் யாரும் அதில் பொய் எழுதியதும் இல்லை, படித்ததும் இல்லை. அவன் எங்கே வளைவான், எங்கே வளைய மாட்டான் என்று ரோண்டா அன்று காலை முழுவதும் படுக்கையில் புரண்டு கணித்து வைத்திருந்தாள். கீறல் எங்கே இருக்கும் என்று தேடுவதுதானே அவள் பிழைப்பு.

ஒன்பதாவது தேதியில் அவன் குரல் தாழ்ந்தது. தட்டில் ரொட்டியை யாரும் தொடவில்லை. பதின்மூன்றாவது தேதிக்கும் அதே இரண்டு எழுத்து.

"டுவேன்," என்றாள் வெர்னா. "என் பேத்தியும் அதே வகுப்பு. இதுல பதினோரு நாள் உன் பையனும் கன்னுன்னு சீட்டு குடுத்தான்னு சொல்றா. அவன் பேரு எங்க அதுல?"

டெஸா திரும்பி அம்மாவை முறைத்தாள். ரோண்டா தலையை அசைத்தாள்: நான் சொல்லவில்லை. அது உண்மைதான். வெர்னா கேட்பாள் என்று எதிர்பார்த்ததும் உண்மைதான். இரண்டையும் மகள் பார்த்துவிட்டாள் என்று ரோண்டாவுக்குத் தோன்றியது. பரவாயில்லை என்றும் தோன்றியது.

கியோ தாள்களை அடுக்கினார். பதினோரு சீட்டு பொய்யென்றால் பதினொன்று என்பது பத்துக்கு மேல். அந்தக் கணக்குப் போடச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை.

குசெரா புத்தகத்தை மூடினான். மாணவர்களின் சொந்த விஷயம், இதைக் கதவை மூடிக்கொண்டு பேச வேண்டும், பெற்றோரும் பொதுமக்களும் வெளியே போகலாம் என்றான்.

"நானும் பெத்தவதான், போறேன்," என்று ரோண்டா எழுந்தாள். "நீங்களும் பெத்தவருதான்."

"அவ சொல்றது சரி," என்றாள் வெர்னா. "வெளிய போ, டுவேன். நாலு பேரு இருக்கோம், நாங்க பாத்துக்கறோம். லொரெய்ன், வருகைப் பதிவைக் கொண்டா. ரெண்டு பிள்ளைங்களோடதும்."

நடைபாதையில் வெயில் மறுகோடி வரை நீண்டிருந்தது. பொதுமக்கள் நால்வரும் வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்கள், காது கேட்கும் தூரத்தில். குசெரா ஒரு வகுப்புப் படத்துக்கு அடியில் நின்றான், தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டு.

"நீ நல்ல கைக்காரி, டெஸா," என்றான் கடைசியில். "அடுத்த வருஷமும் வா."

"அடுத்த வருஷம் நான் கல்லூரியில இருப்பேன்," என்றாள் டெஸா. "இல்லன்னா திரும்பவும் இங்க ஆங்கிலம் படிச்சிட்டிருப்பேன். ரெண்டுல எதுன்னாலும் உங்க கொட்டகைக்கு வரல."

லொரெய்ன் நூலகத்திலிருந்து வெளியே வந்தாள். குசெரா குரலைத் தாழ்த்திக்கொண்டு அவள் கூடவே அலுவலகம் வரை நடந்தான். மிரட்டுகிற குரல் இல்லை. வானிலை பேசுகிற குரல்.

"கம்ப்யூட்டர் தாள் மட்டும் போதும் லொரெய்ன். ஜூன்ல உன் ஒப்பந்தம் கூட்டத்துக்கு வருது. இந்த நேரத்துல எதையும் கொழப்பிக்க வேணாம்."

லொரெய்ன் உள்ளே போனாள். அச்சு இயந்திரம் இரண்டு தாளைத் துப்பும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான் என்று ரோண்டா நினைத்தாள். இருபத்திரண்டு வருஷம் சொன்னதைச் செய்தவள் இன்றைக்கு மட்டும் என்ன செய்யப் போகிறாள்?

பிறகு ஓர் இழுப்பறை திறந்தது. அடித்தட்டு, கனமானது.

லொரெய்ன் வெளியே வந்தபோது அந்த இரண்டு தாளும் ஒரு பழைய பூட்ஸ் பெட்டியின் மேல் இருந்தன. பெட்டி நிறையச் சீட்டுகள், மாத வாரியாக ரப்பர் வளையம் போட்டு. நடந்த வேகத்தில் ஒன்று நழுவி ரோண்டாவின் காலடியில் விழுந்தது.

ரோண்டா குனிந்து எடுத்தாள். ட்ரெண்ட் குசெரா, மார்ச் நான்கு, 'கன்று', கீழே டுவேனின் கையெழுத்து. திருப்பினாள். பின்பக்கம் பென்சிலில், அக்காவின் பொடி எழுத்து:

'9.25. பூட்ஸ் சுத்தம். கன்னத்தில் தலையணை மடிப்பு.'

பெட்டியில் மேலாக இருந்த சீட்டும் தெரிந்தது. அது டெஸாவுடையது, அதே தேதி. ரோண்டா அதன் முனையைத் தூக்கிப் பின்பக்கம் பார்த்தாள். '9.10. முழங்கை வரை ரத்தம். என் ஸ்வெட்டர் கொடுத்தேன்.'

"எல்லாத்தையும் எழுதி வச்சிருக்க," என்றாள் ரோண்டா. "அப்புறம் ஏன் ஏத்தல?"

"கம்ப்யூட்டர்ல பின்பக்கம் இல்ல," என்றாள் லொரெய்ன்.

கையை நீட்டினாள். ரோண்டா சீட்டைக் கொடுத்தாள். அதை மார்ச் கட்டில், அது இருந்த அதே இடத்தில், லொரெய்ன் செருகினாள்.

நூலகக் கதவுக்கு முன்னால் குசெரா நின்றிருந்தான். "லொரெய்ன். யோசிச்சுக்கோ."

"வழி விடு டுவேன். கை வலிக்குது."

அவன் ஒரு கணம் நகரவில்லை. டெஸா சுவரிலிருந்து முதுகை எடுத்தாள். ரோண்டா ஓரடி முன்னால் வைத்தாள். வாசலில் நின்ற நால்வரும் பேச்சை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார்கள். குசெரா தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு விலகினான்.

லொரெய்ன் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தோளால் கதவைத் தள்ளி உள்ளே போனாள். கதவு மூடியது. அந்தக் கதவின் தாழ் பல வருஷமாகப் பிடிப்பதில்லை, சாவி போட்டால்தான் நிற்கும்; சாவி லொரெய்னின் கழுத்துக் கயிற்றில் தொங்கியது. உள்ளே பெட்டி மேசைமேல் வைக்கப்படும் சத்தம் கேட்டது. காலடி திரும்பி வந்தது. வெளியே நின்ற குசெராவுக்கு எதிரே பூட்டில் சாவி ஒரு தடவை திரும்பியது. பிடிக்கவில்லை போலிருக்கிறது, இன்னொரு தடவை, அழுத்தமாக.